கேட்கும் திறன் நூற்றுப் பன்னிரண்டு

மூத்தோர் செவிநல வாரியத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது. 'வாய்விட்டுச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்' என்று அதில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே இன்னொரு சின்னப் பலகை: 'சத்தம் போடாதீர்கள்.' இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்க வேண்டும். எழுத்தின் வளைவுகள் ஒன்றாகவே இருந்தன. மூடிக்காரர் இரண்டையும் படித்தார். எதற்குக் கீழ்ப்படிவது என்று தெரியாமல் ஒருமுறை மெல்லக் கனைத்துவிட்டு உள்ளே போனார்.

மூடிக்காரர் என்பது அவர் வேலை அவருக்குக் கொடுத்த பெயர். தகர டப்பாத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம், டப்பாவுக்கு மூடி அடிக்கிற எந்திரத்தின் முன்னால் நின்றவர். நிமிஷத்துக்குத் தொண்ணூறு மூடி, மூடிக்கு ஒரு 'டமார்'. தொழிலாளர் காதைப் பாதுகாக்கத் தொழிற்சாலையில் காதுறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. ஒரு ஜோடி. மேனேஜர் அறைக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தது. சோதனை அதிகாரி வருகிற நாளில் அதை எடுத்து, வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளின் தலையில் மாட்டுவார்கள். அதிகாரி போனதும் துணியால் துடைத்து மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். முப்பத்தொரு வருஷத்தில் மூடிக்காரருக்கு வாசல் பக்கம் வேலை வந்தது இரண்டே நாள்தான்.

ஓய்வு பெற்றபோது வலது காதில் பாதியும் இடது காதில் முக்காலும் போயிருந்தன. போன இடம் காலியாக இருந்திருந்தால்கூட மனிதர் சமாளித்திருப்பார். ஆனால் காலி வீட்டில் ஆள் புகுந்த மாதிரி வேறு சத்தம் வந்து குடியேறிவிட்டது. வலது காதில் இறக்கி வைக்க ஆளில்லாத குக்கர் விசில். இடது காதில், யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டது போல ஓர் உறுமல். இரண்டுக்கும் ஞாயிறும் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

இதோடு பத்து வருஷம் ஓட்டியவர் இப்போது வாரியத்தின் படியேறியதற்குக் காரணம் அவருடைய காது இல்லை, மனைவியின் தொண்டை.

அவர் மனைவி வீட்டிலேயே துணி திருத்தித் தைப்பவள். பெரிதாக இருப்பதைப் பிடித்துக் கொடுப்பாள், சின்னதாகிவிட்டதைப் பிரித்துக் கொடுப்பாள். நல்ல வாயாடி. கழுத்தில் ஒரு கட்டி வந்து அதை அறுத்து எடுத்தார்கள். கட்டி போனது, போகும்போது குரலில் முக்கால்வாசியையும் கூட்டிக்கொண்டு போனது. குரல் நாண் இரண்டில் ஒன்று அசையவில்லையாம். மிச்சம் இருந்தது, காகிதத்தைக் காகிதத்தில் உரசுகிற மாதிரி ஒரு குரல்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் தொண்டை டாக்டர். "இன்னொரு நாண் நல்லாத்தான் இருக்கு. தினமும் ஒரு மணி நேரம் யார்கிட்டயாவது வாய்விட்டுப் பேசுங்க. பேசப் பேச நிக்கும். பேசாம விட்டீங்கன்னா, இருக்கறதும் போயிடும்."

"யார்கிட்ட பேசறது?"

"வீட்டுல யார் இருக்காங்க?"

அவள் கணவரைக் காட்டினாள். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க தினமும் இவங்களுக்குப் பேச்சுக் குடுப்பீங்களா சார்?"

"ஆமா டாக்டர்," என்றார் மூடிக்காரர் பணிவாக. "மாடிவீடுதான். படி ஏறும்போதுதான் கொஞ்சம் மூச்சு வாங்குது."

டாக்டர் பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டில் மருந்துக்குப் பதிலாக வாரியத்தின் விலாசத்தை எழுதினார். "முதல்ல இவருக்குக் காதுக் கருவி வாங்கிக் குடுங்க. அங்க இலவசம். ஆனா சீக்கிரம்," என்றார்.

வாரியத்தின் கூடத்தில் நாற்பது நாற்காலிகளில் நாற்பது கிழவர் கிழவிகள். எதிரே மேஜையில் ஒரு எழுத்தர் அம்மாள். முகத்தைப் பதிவேட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டு, காதும் காதும் வைத்த மாதிரி எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓர் எண்ணை மூன்று முறை கூப்பிடுவாள். யாரும் எழாவிட்டால் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதுவாள். காலையிலிருந்து இருபத்தைந்து பேர் வரவில்லை. இருபத்தைந்து பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

மூடிக்காரருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா வரீங்க?" என்று கேட்டார் மூடிக்காரர்.

"எழுபத்தி ரெண்டு."

"அடேயப்பா! அத்தனை நாளாவா?"

"ஆமா. ஆனா பல்லு எல்லாம் என்னோடதுதான்," என்றார் தலைமையாசிரியை பெருமையாக.

இப்படியாகக் கொஞ்ச நேரம் இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். பிறகு தலைமையாசிரியை அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, வகுப்பறைக் குரலில் பாடம் எடுத்தார். "முப்பத்தாறா? நல்ல நம்பர். உதடு ரெண்டு தடவை ஒட்டும். மு... ப்பத்தாறு. அவ வாயையே பாருங்க. ஒட்டினதும் எழுந்துடுங்க. என்னோடது இருபத்தேழு. ஒரே தடவைதான் ஒட்டுது. நாலு மாசமா அகப்படல."

மூடிக்காரர் கொக்கு மாதிரி காத்திருந்தார். எழுத்தர் அம்மாள் கொட்டாவிக்காக முகத்தை நிமிர்த்திய சமயத்தில் உதடு இரண்டு தடவை ஒட்டியது. எழுந்து ஓடினார்.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "முதல் தடவை கூப்பிட்டதுமே வந்துட்டீங்களே? பாம்புக் காதா இருக்கே! அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் இதுவும் அவருக்குப் பாதி புரிந்தது. "கேட்டு வரலம்மா. உதட்டைப் பார்த்து வந்தேன்."

"அப்ப கண்ணு நல்லா இருக்கு. அதைக் கண் வாரியத்துல சொல்லுங்க," என்றபடி அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் எழுதினாள்: 'அழைத்தவுடன் வந்தார்.'

"கேக்காம உக்காந்திருக்காங்களே, அவங்க?"

"அவங்கதான் வரலையே," என்றாள். அவள் பதிவேட்டில் அது சிவப்பு மையில் இருந்தது. மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

பரிசோதனைக்கு உள்ளே அனுப்பினார்கள். வாரியத்தில் ஒலி புகாத அறை ஒன்று உண்டு. ஒரு முழம் தடிமனில் கதவு, சுவரெல்லாம் பஞ்சு. கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரைவரை கோப்புகள். "பேப்பருக்கு அருமையான ரூம் சார்," என்றார் வெள்ளைக் கோட்டுப் போட்ட பரிசோதகர். "ஈரமே ஏறாது, எலியும் வராது." பரிசோதனையை நடைபாதையில் நடத்தினார்கள். ஒரு பக்கம் ஜெனரேட்டர், இன்னொரு பக்கம் பாத்திரம் கழுவுகிற கேன்டீன்.

பரிசோதகர் அவர் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு அட்டையைப் பிடித்தார். 'சத்தம் கேட்டால் அழுத்தவும்.'

மூடிக்காரர் நேர்மையான மனிதர். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கோணல் மூடியைக்கூட நல்ல மூடியோடு கலந்ததில்லை. எனவே தெளிவாகக் கேட்டுக்கொண்டார். "எந்தச் சத்தம் கேட்டாலுமா?"

பரிசோதகர் பலமாகத் தலையாட்டினார்.

மூடிக்காரர் தன் காதைக் கவனித்தார். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினார். விசில் நிற்கவில்லை. அவரும் விரலை எடுக்கவில்லை. கால் மணி நேரம் கட்டைவிரல் வெளுத்துப்போகிறவரை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். எந்திரம் ஒரு காகிதத்தைத் துப்பியது. பரிசோதகர் அதைப் பார்த்தார். எந்திரத்தைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், கேட்கும் திறன் நூத்துக்கு நூத்திப் பன்னிரண்டு! அனுப்பின சத்தம், அனுப்பாத சத்தம், எல்லாத்தையும் கேட்டிருக்கீங்க. எங்க வாரியத்துல நூறைத் தாண்டின முதல் ஆள் நீங்கதான்." காகிதத்தில் பெரிதாக எழுதியும் காட்டினார்.

"ஐயோ, அது என் காதுக்குள்ள அடிக்கிற விசில் தம்பி. சொந்தச் சத்தம்."

பரிசோதகர் எழுதினார்: 'இது குறை ஒலிப் பிரிவு. உங்களுக்கு வருவது மிகை ஒலி. மூன்றாம் மாடி.'

"சரி, இதை அழிச்சிட்டு இன்னொரு தடவை..."

பரிசோதகர் பதறிப்போய் எழுதினார்: 'எந்திரம் எழுதியதை மனிதர் அழிக்கக் கூடாது. மறுபரிசோதனை ஓராண்டு கழித்து.'

வீட்டில் மனைவி வழக்கத்தை விடவில்லை. தினமும் மதியம் தையல் மேஜைக்கு எதிரே அவரை உட்கார வைத்து, செய்தித்தாளை ஒரு மணி நேரம் வாய்விட்டுப் படித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடுநடுவே 'ம்' கொட்டினார். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு அவள் என்னவோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே "ரொம்ப நல்ல விஷயம்," என்றார். அவள் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து மேஜையில் எழுதினாள்: 'பஸ் கவிழ்ந்து ஒன்பது பேர் சாவு.'

இன்னொரு நாள் சமையலறையிலிருந்து அவள் "பால் பொங்குது, பால் பொங்குது" என்று கத்தியிருக்கிறாள். கத்தினாள் என்பது அவள் கணக்கு. இவருக்கு 'ஆள் தங்குது' என்று கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "யாரு தங்கறாங்க? எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். அடுப்பு அணைந்து, பால் தரைக்கு வந்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு துணியோடு தரையில் உட்கார்ந்து துடைத்தார்கள். அவள் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை அரித்தது. அவள் குரல் தேறுகிறதா, தேய்கிறதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவருக்கோ காது கேட்காது. வெளியூரிலிருந்து மகள் போன் பண்ணினால், "அம்மா, லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிடுகிறாள் என்று மனைவி சாக்கட்டியால் எழுதிக் காட்டினாள்.

மூடிக்காரர் மூன்றாம் மாடிக்குப் போனார். மிகை ஒலிப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எட்டுப் பக்கம். ஒலியின் வகை, ஒலி தொடங்கிய தேதி, ஒலியின் உரிமையாளர் யார், ஒலி எழுப்ப முன் அனுமதி பெறப்பட்டதா, அண்டை வீட்டாரின் ஆட்சேபணை உண்டா. கடைசிப் பக்கத்தில், மேற்படி ஒலியைத் தம் சொந்தக் காதால் கேட்ட சாட்சி ஒருவரின் கையெழுத்து.

"எனக்குள்ள கேக்கறதை வேற ஒருத்தர் எப்படிக் கேப்பாங்க?" என்று கேட்டார்.

அந்தப் பிரிவு அலுவலர் பொறுமைசாலி. எழுதியே பதில் சொன்னார்: 'ஒருவர் மட்டும் கேட்டால் அது ஒலி ஆகாது ஐயா. அபிப்பிராயம்.'

வீட்டுக்கு வந்து படிவத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு, கைவேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, எழுந்து வந்து தன் காதை அவர் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கன்னம் கன்னத்தில் பட்டது. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஜன்னல் வேறு திறந்திருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"ஏதாவது கேக்குதா?"

சாக்கட்டியால் எழுதினாள்: 'உங்க மூச்சு கேக்குது.' பிறகு படிவத்தில், 'கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து, ஒலி அளக்கிற கருவியோடு ஆய்வாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். கருவியை மூடிக்காரரின் வலது காதுக்குள் பாதி நுழைத்து அளந்தார், இடது காதில் அளந்தார், சந்தேகத்துக்கு மூக்கிலும் அளந்தார். தையல் எந்திரத்தை நிறுத்தச் சொல்லி அளந்தார், ஓட்டச் சொல்லி அளந்தார். போகும்போது கைகுலுக்கிவிட்டுப் போனார். பத்தாம் நாள் வந்தது அறிவிப்பு.

'தங்கள் தலையிலிருந்து இரவும் பகலும் ஒலி எழும்புவதாகத் தாங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். அதைத் தங்கள் மனைவியும் உறுதி செய்துள்ளார். ஆய்வின்போது தாங்கள் அவ்வொலியை மறைத்துவிட்டதாகத் தெரிகிறது. மேற்படி ஒலியைப் பதினைந்து நாட்களுக்குள் நிறுத்துமாறும், தவறினால் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் அளிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். மூடிக்காரர் அறிவிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரே துணை இயக்குநரைப் பார்க்கப் போனார். நாலு நாள் வெளியே உட்கார்ந்த பிறகு ஐந்தாம் நாள் உள்ளே விட்டார்கள்.

துணை இயக்குநருக்குத் தடித்த மீசை. உதடு வெளியே தெரியவில்லை. போதாததற்குக் கையை வாயருகே வைத்துக்கொண்டு பேசுகிறவர். மூடிக்காரர் தன்னுடைய நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, எழுதும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். துணை இயக்குநர் நோட்டை மரியாதையாக ஓரம் தள்ளினார். அவருடைய உதவியாளர்தான் பின்னால் நின்று, அவர் பேசப் பேசச் சுருக்கி எழுதிக் காட்டினார்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ்," என்றார் துணை இயக்குநர். "இதுவரைக்கும் ஒரு புகார்கூட என் காதுக்கு வந்தது கிடையாது. அந்த அளவுக்கு வாரியத்தை நடத்திட்டு வரேன். உங்க விஷயத்துக்கு வரேன். சத்தம் இல்லைன்னு கீழ ஒரு மனு குடுத்திருக்கீங்க. சத்தம் அதிகம்னு மேல ஒரு மனு குடுத்திருக்கீங்க. குறையும் மிகையும் ஒரே ஆளுக்கு எப்படி இருக்கும்? ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சுப் பாருங்க. சரியாப் போச்சு! நீங்க ரொம்ப சமநிலையான ஆளு."

"ஐயா, எனக்காக இல்ல. என் வீட்டுக்காரிக்குக் குரல் போயிட்டிருக்கு. அவ பேசணும்னா நான் கேக்கணும். டாக்டர் சீக்கிரம்னு சொன்னாரு. ஆறு மாசம் ஆச்சு."

"குரல் தொண்டை சம்பந்தப்பட்டது. எங்க எல்லை காதோட முடியுது. கழுத்துக்குக் கீழ இறங்கினா அடுத்த துறைக்காரங்க கோவிச்சுக்குவாங்க." கோப்பைப் புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நின்றார். மீசை மேலே ஏறியது. "என்னய்யா இது, நூத்திப் பன்னிரண்டா?"

உதவியாளர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"வந்தப்ப எவ்வளவு?"

"வந்தப்ப அளக்கல சார். ஆனா வந்தாரு. கேட்டிருந்தா வந்திருக்க மாட்டாரு."

"அப்ப பூஜ்யம்னு வச்சுக்கலாம்." துணை இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, மூடிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பூஜ்யத்துல இருந்து நூத்திப் பன்னிரண்டு! பெரியவரே, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

வெளியே நாலு நாளாக உட்கார்ந்திருந்ததைச் சொல்ல மூடிக்காரருக்குத் தோன்றவில்லை. உதவியாளர் நோட்டில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: 'ஆண்டு விழாவுக்கு நல்ல சட்டை போட்டு வரவும். மேடையில் கருவி தருவோம்.'

அவர் அந்த வரியை மூன்று முறை படித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினார். அவளும் படித்தாள். அவளுடைய உதடுகள் அசைந்து 'ரொம்ப நல்லது' என்ற மாதிரி ஒட்டிப் பிரிந்தன. இருக்கிறதிலேயே நல்ல சட்டையின் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்தாள்.

ஆண்டு விழாவில் முன்னூறு முதியவர்களுக்கு எட்டு ஒலிபெருக்கிகள். ஒவ்வொன்றும் பீரோ உயரம். மூடிக்காரருக்கு மேடையில் இடம், ஒலிபெருக்கிக்கு ஓரடி தள்ளி. துணை இயக்குநர் மைக்கைப் பிடித்ததும் முதல் வரிசையில் இருந்தவர்களின் வேட்டியும் புடவையும் அதிர்ந்தன.

"செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்வார்கள்! நம் வாரியம் வந்த பிறகு ஒரு செவிடராவது சங்கைப் பற்றிப் புகார் சொன்னதுண்டா? கிடையாது! சென்ற ஆண்டு நம்மிடம் வந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர். அவர்களில் எண்ணாயிரத்து எழுநூறு பேர், எண்ணைக் கூப்பிட்டபோது வரவில்லை! ஏன் வரவில்லை? குறை தீர்ந்துவிட்டது, வரவில்லை! மிச்சம் முன்னூறு பேரும் கூப்பிட்டவுடன் வந்தார்கள். கூப்பிட்டது கேட்டது, வந்தார்கள்! ஆக, இந்த ஊரில் காது கேட்காதவர் என்று ஒருவர்கூடப் பாக்கி இல்லை! இதைச் சாதிக்க நாங்கள் எவ்வளவு உழைத்தோம் என்பதை இந்தக் கூட்டத்தின் அமைதியே சொல்கிறது!"

கூட்டம் அமைதியாகத்தான் இருந்தது. ஜெனரேட்டர் கோளாறு என்று நினைத்துச் சிலர் எழுந்து போகப் பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை, மேடையில் இருப்பவர் வாயை மூடிவிட்டதைப் பார்த்துக் கைதட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

மூடிக்காரரை எழுப்பி நிறுத்தினார்கள். துணை இயக்குநர் ஒரு சின்ன நீலப் பெட்டியை அவர் கையில் வைத்து, கையை விடாமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். பிறகு அடுத்த நிகழ்ச்சிக்கு மேடையைக் காலி செய்தார்கள். படியிறங்கும் இடத்தில் எழுத்தர் அம்மாள் பதிவேட்டோடு நின்றிருந்தாள்.

"பெட்டியைக் குடுத்துட்டுப் போங்க. அது படத்துக்கு வச்சது. அடுத்த ஊர் விழாவுக்கும் அதுதான்," என்றாள், வழக்கம்போலப் பதிவேட்டைப் பார்த்தபடி.

ஒலிபெருக்கிக்கு ஓரடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த மூடிக்காரருக்கு விசிலும் உறுமலும் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. அந்த அம்மாள் வாழ்த்துகிறாள் என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது. "நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்," என்று கும்பிட்டுவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினார். அவள் மூன்று முறை கூப்பிட்டாள். பிறகு சட்டப்படி 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டாள். வரவில்லை என்று எழுதப்பட்டவரைத் தேடிப் போக வாரியத்தில் விதி கிடையாது.

வீட்டில் மனைவிதான் கருவியை அவர் காதில் பொருத்தினாள். ஊசியில் நூல் கோக்கிற விரல்கள். ஒரே முறையில் உட்கார்ந்துவிட்டது. சின்னச் சக்கரம் ஒன்றைத் திருப்பினாள். முதலில் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு கடிகாரம். பிறகு தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். குழாய் சொட்டியது, அது சொட்டுகிற விஷயமே அவருக்குத் தெரியாது. நாற்காலியை நகர்த்தினார், அது கிறீச்சிட்டது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை நகர்த்தினார். குக்கர் விசில் நின்றுவிடவில்லை. ஆனால் பக்கத்து அறைக்குப் போய்விட்டது.

"பேசு," என்றார். அவர் குரலே அவருக்குப் பெரிதாகக் கேட்டது. சின்னதாக்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "இப்ப பேசு. எதுன்னாலும் பேசு."

அவள் பேசினாள். உதடுகள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சக்கரத்தைத் திருப்பினார். கடிகாரம் சுத்தியலால் அடித்தது. "இன்னொரு தடவை."

உதடுகள் அசைந்தன. அவர் சக்கரத்தைக் கடைசிவரை திருப்பினார். அவளுடைய புடவை உரசுகிற சத்தம் கேட்டது, வளையல் மேஜையில் படுகிற சத்தம் கேட்டது. உதடுகள் அசைகிற இடத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை.

அவள் நிறுத்திக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு கைகளாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கனமான சாமானைத் தூக்குகிறவள் போல முயற்சி பண்ணினாள். டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு 'ஹ்ஹ்' வந்தது. அவ்வளவுதான்.

"எப்பத்திலிருந்து?"

சாக்கட்டியை எடுத்தாள். எழுத யோசித்தாள். 'மூணு மாசம் இருக்கும். சத்தமா பேசினா வலிச்சுது. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானேன்னு வாயை மட்டும் அசைச்சேன்.' மேஜையில் இடம் தீர்ந்தது. முழங்கையால் அழித்துவிட்டு எழுதினாள்: 'நீங்க தலையாட்டிட்டுத்தான் இருந்தீங்க.'

மறுநாள் தொண்டை டாக்டரிடம் போனார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்தார், விளக்கை அணைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பவே சீக்கிரம்னு சொன்னேன்," என்றார். மூடிக்காரருக்கு அது ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். வாரியத்திலிருந்து பேசினார்கள். இனிமையான குரல்.

"வணக்கம் சார். பயனாளி திருப்தி ஆய்வு. உங்க படம் எங்க ஆண்டு மலர்ல அட்டையில வந்திருக்கு. ரெண்டே கேள்விதான். கருவி வேலை செய்யுதா சார்?"

"செய்யுது."

"வீட்டுல பேசறது எல்லாம் கேக்குதா?"

மூடிக்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி யாருடைய பாவாடைக்கோ கீழ் விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான்; வாய்க்கு வேறு வேலை இல்லை. யார் என்று புருவத்தால் கேட்டாள்.

"வீட்டுல பேசறது எல்லாம் கேக்குதும்மா," என்றார் போனில்.

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"ரொம்ப சந்தோஷம் சார். முழு வெற்றின்னு போட்டுக்கறேன். உங்க கோப்பை இத்தோட மூடிடறோம்."

போன் வைக்கப்பட்டது. மனைவி இன்னும் புருவத்தை இறக்கவில்லை.

"வாரியத்துல இருந்து," என்றார். "எல்லாம் கேக்குதான்னு கேட்டாங்க."

அவள் தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். விளிம்பு முடிந்ததும், மீந்த குண்டூசிகளை உதட்டிலிருந்து எடுத்துத் தரையில் இருந்த தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஏழு. அவர் காதால் எண்ணிக்கொண்டிருந்தார்.